நியூட்டனை மறைக்கும் வண்டி: தமிழ்நாட்டு அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

ஒன்பதாம் வகுப்பில் இயக்கத்தையும் பத்தாம் வகுப்பில் இயக்க விதிகளையும் ஆண்டுதோறும் நடத்திவரும் கடமையோடு, பள்ளிக்கு வந்துசேர்ந்த ரோபோப் பெட்டிகளின் சாவியும் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கும் உங்களை நோக்கி இம்மடலை எழுதுகிறேன். நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் வழியாக நாடெங்கும் டிங்கரிங் ஆய்வகங்கள் தோன்றிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று ஏற்பாடு. ஆதலால், எங்கள் காலத்து உபாத்தியாயர்கள் கனவிலும் கருதியிராத உபகரணங்கள் உங்கள் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பிள்ளைகள் செய்வது என்ன என்று பார்த்தால், கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் வண்டி ஒன்று, சுவரைக் கண்டு திரும்பும் வண்டி ஒன்று, அறிவியல் கண்காட்சியில் மாவட்டக் கல்வி அலுவலர் வருகின்ற அன்று அவர் முன்னே ஓட்டிக் காட்டுதல், பிறகு மீண்டும் அலமாரி. பக்கத்து அறையிலோ, அதே பிள்ளைகள் "விசை என்பது நிறை, முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலன்" என்று கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்விரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு திறக்கப்பட வேண்டும் என்பதில் உங்களில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இராது.

நான் எழுதப் புகுந்தது அந்தக் கதவைத் திறக்கும்போது வந்து நேரக்கூடிய ஓர் ஆபத்தைப் பற்றி. பெட்டியிலிருந்து எடுத்தபடியே, கையேட்டில் சொன்னபடியே, ஒரு ரோபோ வண்டியை ஓட்டிக் காட்டினால், அது நியூட்டனின் விதிகளைக் கற்பிக்காது. அவற்றுக்கு நேர் மாறான ஒரு சித்தாந்தத்தையே பிள்ளையின் மனத்தில் வேரூன்றச் செய்யும். இது அதிகப்படியான கூற்று என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆகையால் சற்று நிதானமாகவே விளக்குகிறேன்.

ஒரு சிறுமி கணினித் திரையில் வண்ணக் கட்டங்களை அடுக்குகிறாள்: வேகம் 50, முன்னே செல், மூன்று விநாடி, நில். பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் வண்டி அந்த வேகத்தோடு புறப்பட்டதாகவே கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று விநாடியும் ஒரே சீராக ஓடுகிறது. கட்டளை முடிந்த அந்தக் கணமே நின்றுவிடுகிறது. அதன் முதுகில் ஒரு செங்கல்லை ஏற்றி மறுபடியும் ஓட்டச் சொல்லுங்கள். நல்ல தரமான வண்டியானால் அதே வேகம், அதே மூன்று விநாடி, ஏறக்குறைய அதே தூரம். இதிலிருந்து புத்தியுள்ள ஒரு குழந்தை என்ன அனுமானம் செய்யும்? ஓட வேண்டுமானால் ஓட்டுவது ஒன்று இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஓட்டுவது ஓய்ந்தால் ஓட்டமும் ஓயும். பாரம் இருப்பதாலும் இல்லாமையாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. முதல் இரண்டும் அரிஸ்டாட்டிலின் கொள்கை. மூன்றாவது, பாவம், அரிஸ்டாட்டிலும் சொல்லாதது.

மாடு நின்றால் வண்டி நிற்கும் என்பதை அன்றாடம் கண்டு வளர்ந்த மனித குலத்துக்கு அக்கொள்கை இயல்பாகவே தோன்றிற்று என்பதில் வியப்பில்லை. ஆறாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோபோனஸ் அதை ஆட்சேபித்தார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துப் பூரிடான், எறியப்பட்ட பொருளுக்குள் ஓர் உந்துதல் தங்கியிருக்கிறது என்று வேறொரு வகையில் சொல்லிப் பார்த்தார். சரிந்த பலகையில் வெட்டிய பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகும் நீரை நிறுத்துக் காலத்தை அளந்த கலிலியோ, 1638-இல் வெளியிட்ட தமது நூலில் தூரம் காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதைக் காட்டினார். நியூட்டனின் பிரின்சிபியா 1687-இல் வெளிவந்தது. இன்று நாம் கரும்பலகையில் எழுதும் அந்தச் சமன்பாட்டின் உருவம் கணித அறிஞர் யூலரின் கையால் அமைய மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. இத்தனை பேர் இத்தனை நூற்றாண்டுகள் போராடி விலக்கிய ஓர் எண்ணத்தை, ஒரு பொம்மை வண்டி மூன்று விநாடியில் திரும்ப நட்டுவிடுகிறது.

அந்த எண்ணம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்குச் சான்றுகள் வேண்டுமானால், அமெரிக்காவில் ஹெஸ்டினஸும் அவருடைய தோழர் இருவரும் 1992-இல் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வைப் பாருங்கள். கணக்கே இல்லாத, அன்றாடத் தமிழில் கேட்டுவிடக்கூடிய கேள்விகள். ஆனால், கடினமான கணக்குகளைச் சரளமாகப் போடும் கல்லூரி மாணவர்கள் பலர் அவற்றில் தடுக்கி விழுந்தனர். அதற்கும் பத்தாண்டு முன்னே கிளெமென்ட் என்பவர் கேட்ட கேள்வி இன்னும் எளியது: மேலே சுண்டிவிட்ட நாணயம் பாதி வழியில் ஏறிக்கொண்டிருக்கிறது, அப்போது அதன்மேல் செயற்படும் விசைகள் யாவை? உங்கள் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையிடம் நாளைக்கே கேட்டுப் பாருங்கள். கையின் விசை நாணயத்தோடு கூடவே மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று அந்தப் பிள்ளை அம்புக்குறி போட்டால், பூரிடான் இன்னும் நம்மிடையே உயிரோடிருக்கிறார் என்று அறிந்துகொள்ளலாம்.

இனி, வண்டி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்கிறேன். இது தெரியாமல் அதைத் திருத்த இயலாது. லெகோ நிறுவனத்தின் ஈவி3 போன்ற விலையுயர்ந்த பெட்டிகளில், மோட்டாருக்குள்ளேயே சக்கரத்தின் சுழற்சியை ஒவ்வொரு டிகிரியாக எண்ணும் ஓர் உணரி இருக்கிறது. பாரம் ஏறி வேகம் சற்றுத் தளர்ந்ததும், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டு நிரல் அதைக் கண்டு, யாருக்கும் சொல்லாமல் மின்சக்தியைக் கூட்டி, கேட்ட வேகத்தையே மீட்டுக் கொடுத்துவிடுகிறது. செங்கல்லின் நிறைக்கு ஈடாகக் கூடுதல் விசை பிரயோகிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது திரைக்குப் பின்னே நடந்தது. நாம் எதைக் காட்ட வந்தோமோ, அதையே மறைப்பது அந்த யந்திரத்தை வடிவமைத்தவர்களின் திறமையாக இருந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கோட்டைப் பின்பற்றும் வண்டிக்கு அது இன்றியமையாத குணம். பௌதிகப் பாடத்துக்கு மட்டுமே அது விரோதி.

மலிவான வண்டியில் இந்தத் தொல்லை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மஞ்சள் நிறப் பிஓ மோட்டார் இரண்டு, எல்298 மோட்டார் டிரைவர் ஒன்று, ஆர்டுயினோப் பலகை ஒன்று, இவற்றைக் கொண்டு கட்டிய வண்டியில் வேகத்தை மேற்பார்வையிடுவார் யாருமில்லை. 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கேற்ற மின்னழுத்தம் மோட்டாருக்குச் சராசரியாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆனால் அங்கே வேறொரு மறைப்பு இருக்கிறது. மோட்டார் சுழலத் தொடங்கியதும் அதற்குள்ளேயே எதிர்மின்னழுத்தம் எழுகிறது; வேகம் ஏற ஏற அதன் இழுவிசை குறைகிறது; உராய்வும் பற்சக்கரங்களின் இழுபறியும் சேர்ந்து, ஒரு விநாடியில் சிறு பகுதிக்குள்ளாகவே வண்டி ஒரு நிலைத்த வேகத்தை அடைந்துவிடுகிறது. முடுக்கம் என்று பெயர் பெற்ற நிகழ்ச்சி முழுவதும் கண்ணிமைக்கும் அந்த நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாம் காண்பது, எண்ணைக் கூட்டினால் வேகம் கூடுகிறது என்பதையே. விசைக்கு ஏற்ப வேகம் என்று மாணவன் எழுதிக்கொள்வான். மறுபடியும் அரிஸ்டாட்டில்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இதை அறிந்தவர்கள் குறைவு என்பதால் சற்றே விரித்துச் சொல்கிறேன். அந்த மஞ்சள் மோட்டார்களில் வழக்கமாக வருவது 48-க்கு 1 என்ற பற்சக்கரக் குறைப்பு. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, உள்ளேயிருக்கும் சுழலி 48 சுற்றுச் சுற்ற வேண்டும். இதன் விளைவாக, அந்தச் சிறு சுழலியின் நிலைமம் சக்கரத்தின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது 48-இன் வர்க்கமாகிய 2,304 மடங்காகப் பெருகித் தோன்றும். வண்டியின்மேல் கால் கிலோ மணலை ஏற்றி, முடுக்கம் எவ்வளவு குறைகிறது பார் என்று மாணவனிடம் சொன்னால், அவன் எதிர்பார்க்கும் குறைவு அங்கே வருவதில்லை. ஏனெனில், அவன் தராசில் நிறுக்காத ஒரு நிறை மோட்டாருக்குள் ஒளிந்துகொண்டு ஏற்கெனவே தன் பங்கைச் செலுத்திக்கொண்டிருக்கிறது. விடை சரியாக வரவில்லையே என்று அளவீட்டைத் திருத்தி எழுதும் அந்தப் பழைய பழக்கம் இங்கேதான் பிறக்கிறது.

ரோபோ வண்டி தானாக நியூட்டனைக் கற்பிக்காது என்னும் இவ்விஷயத்தை முன்பே கண்டுகொண்டவர், வியப்பாக, ரோபோவைக் குழந்தைகளின் கையில் கொடுத்தவரேயாவார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயிடம் பணி செய்து, பின்னர் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கிய செய்மோர் பேப்பர்ட், 1967-இல் தம் தோழர்களோடு லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். அதற்குப் பணிந்து தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை ஒன்று சில ஆண்டுகளில் தோன்றியது. இன்றைய வகுப்பறை ரோபோக்கள் எல்லாம் அந்த ஆமையின் சந்ததிகளே. லெகோ நிறுவனம் 1998-இல் தன் பெட்டிக்குச் சூட்டிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்னும் பெயரும் பேப்பர்ட் 1980-இல் எழுதிய நூலின் பெயர்தான். அந்த நூலிலேயே அவர் ஒப்புக்கொள்கிறார்: சாதாரண ஆமைக்கு இடம் உண்டு, திசை உண்டு, நிலைமம் இல்லை, ஆகவே வடிவியல் கற்க அது தகும், நியூட்டனைக் கற்க அது தகாது. அதற்காகவே, கட்டளையிட்டால் நகராமல், உதைத்தால் மட்டும் வேகம் மாறுகின்ற வேறொரு வகை ஆமையைத் திரையில் படைத்தார்கள். டிசெஸ்ஸா என்னும் ஆராய்ச்சியாளர் அதைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து 1982-இல் எழுதிய கட்டுரை சுவையானது. மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் ஆமையை வலப்புறமாக உதைத்தால் அது வலப்புறமே திரும்பிப் போகும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். அதுவோ பழைய வேகத்தையும் மறக்காமல் மூலைவாட்டில் சென்றது. எம்.ஐ.டி.யில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தியும் தொடக்கத்தில் அதே தந்திரங்களையே கையாண்டாள் என்று அவர் குறித்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்ட இச்செய்தி, பெட்டியோடு வரும் பளபளப்பான கையேடுகளில் எங்கும் இல்லை.

ஆகவே நான் உங்களிடம் வேண்டுவது, ரோபோவை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும் என்பதன்று. அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும் என்பது.

முதல் வேலை, நியூட்டனின் உலகத்துப் பொருளாக வேஷம் கட்டுவது. வேகத்தை விடாமல் காக்கும் அந்தக் கட்டுப்பாட்டு நிரலைக் குற்றம் சொன்னேன் அல்லவா? இங்கே அதுவே உதவிக்கு வருகிறது. உராய்வைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் வண்டி, உராய்வே இல்லாத பொருளைப் போல நடிக்க வல்லது. மாணவனிடம் "முன்னே செல்" என்ற கட்டத்தைத் தடைசெய்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, விசைக்கு ஓர் எண், நிறைக்கு ஓர் எண் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும், விசையை நிறையால் வகுத்து, அதைக் காலத்துண்டால் பெருக்கி, கிடைத்ததைப் பழைய வேகத்தோடு கூட்டி, அந்தப் புதிய வேகத்தை மோட்டாருக்குக் கொடு என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். நிறை 2 கிலோகிராம், விசை 0.2 நியூட்டன் என்று வைத்தால், ஒரு விநாடியில் வண்டி விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தை எட்டும். இப்போது விசையைச் சுழியாக்கச் சொல்லுங்கள். வண்டி நிற்காது, அறையின் மறுகோடி வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். நிரலில் பிழை என்று வகுப்பே ஆர்ப்பரிக்கும். பிழை எங்கே என்று தேடச் சொன்னால், அவர்கள் எழுதிய நான்கு வரியிலும் பிழை இராது. நிறுத்த வேண்டுமானால் எதிர்த்திசையில் விசை கொடுத்தாக வேண்டும் என்பதைத் தாமே கண்டுபிடிப்பார்கள். அதன் பின்னர், ஓட்டத்துக்கு எதிராக எப்போதும் செயற்படும் சிறு விசை ஒன்றை ஐந்தாம் வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வண்டி தன்னால் தளர்ந்து நிற்கும். உராய்வு என்பது பொருளின் களைப்பு அன்று, வெளியிலிருந்து செயற்படும் ஒரு விசை என்பதை அவர்கள் தங்கள் கையாலேயே எழுதியிருப்பார்கள். நிறை என்ற எண்ணை 2-லிருந்து 4 ஆக்கி ஓட்டுவதும் அந்தப் பாடவேளைக்குள்ளேயே அடங்கிவிடும்.

எனினும் இது ஒரு பொம்மலாட்டமே. ஆட்டுவிக்கும் நூல் மாணவன் கையில் இருக்கிறது. அவன் எழுதிய விதிக்கு வண்டி பணிந்ததே தவிர, இயற்கையும் அந்த விதிக்குத்தான் பணிகிறது என்பதற்கு இதில் ஒரு பிரமாணமும் இல்லை. கணினியில் செய்து காட்டும் எல்லாப் பாவனைகளுக்கும் உள்ள குறை இது. இயற்கையைச் சாட்சிக்கு அழைக்க வேறு ஏற்பாடு வேண்டும். அங்கேதான் ரோபோவின் இரண்டாவது வேலை வருகிறது. அதில் அது ஓடுவதே இல்லை. ஓடுகின்ற வேறொன்றை உட்கார்ந்து அளக்கிறது.

பந்து பேரிங் சக்கரங்கள் உள்ள சிறு தள்ளுவண்டி ஒன்றை, மோட்டார் எதுவும் இல்லாமல், நீண்ட பலகையின்மேல் வையுங்கள். அதன் நூல் பலகையின் விளிம்பிலுள்ள கப்பியின்மேல் சென்று எடைக்கல்லைத் தாங்கித் தொங்கட்டும். ரோபோவிலிருந்து கழற்றிய மீயொலி உணரியைப் பலகையின் மறுகோடியில் நிறுத்தி, தள்ளுவண்டியின் பின்புறம் ஓர் அட்டையை ஒட்டிவிடுங்கள். ஹெச்சிஎஸ்ஆர்04 என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்த உணரி, 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஒலியின் எதிரொலியால் தூரத்தை அளக்கும். 60 மில்லிவிநாடிக்கு ஓர் அளவு எடுத்தால் போதும். ஆட்வுட் 1784-இல் தம் கப்பி யந்திரத்தை விவரித்தபோது, விழுதலை மெதுவாக்கிக் கடிகாரத்தின் பிடிக்குள் கொண்டுவருவதற்குப் பட்ட சிரமத்தையும், நம் கல்லூரிகளில் விநாடிக்கு ஐம்பது புள்ளி குத்தும் காகித நாடாவோடு பட்ட பாட்டையும் நினைத்தால், எவ்வளவு பெரிய சௌகரியம் இது!

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. தள்ளுவண்டி 500 கிராம். 50 கிராம் கல்லைத் தொங்கவிட்டால் முடுக்கம் விநாடிக்கு விநாடி 0.89 மீட்டர் வரவேண்டும். இன்னொரு 50 கிராம் கல்லை மேசையிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டால் விசை இருமடங்கு. ஆனால் முடுக்கம் 1.63 மட்டுமே, அதாவது 1.83 மடங்கு. விதி பொய்த்ததா? இல்லை. அந்தக் கல்லும் சேர்ந்து ஓடுகிறது. இழுக்கப்படும் மொத்த நிறை 550 கிராமிலிருந்து 600 ஆகிவிட்டது. ஆகவே இரண்டு கற்களையும் தொடக்கத்திலிருந்தே அமைப்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று தொங்க, மற்றொன்று தள்ளுவண்டியின்மேல் சவாரி செய்யட்டும், மொத்தம் 600 கிராம், முடுக்கம் 0.82. பிறகு சவாரி செய்யும் கல்லை இறக்கி மற்றதோடு தொங்கவிடுங்கள். மொத்தம் அதே 600, முடுக்கம் 1.63. இப்போது சரியாக இருமடங்கு. ஒரு மீட்டர் ஓடுவதற்கு முன்னதில் 1.56 விநாடியும் பின்னதில் 1.11 விநாடியும் ஆகும். மூன்றாவதாக, தொங்குவதை 100 கிராமாகவே வைத்து, தள்ளுவண்டியில் மணல்மூட்டை ஏற்றி மொத்த நிறையை 1,200 கிராமாக்குங்கள். மீண்டும் அதே 1.56 விநாடி! விசையைப் பாதியாக்குவதும் நிறையை இருமடங்காக்குவதும் ஒரே பலனைத் தருகின்றன என்பதைப் பிள்ளைகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரு வளைகோடுகளில் பார்க்கட்டும். அந்தச் சமயத்தில் ஆசிரியர் பேசாமலிருப்பதே உசிதம்.

உராய்வு இருப்பதால் உங்கள் எண்கள் நான் சொன்னவற்றுக்குச் சற்றுக் கீழேதான் வரும். எடைக்கல் இல்லாமல் லேசாகத் தள்ளிவிட்ட தள்ளுவண்டி சீரான வேகத்தில் போகின்ற அளவுக்குப் பலகையின் ஒரு முனையைக் காகிதங்கள் செருகி உயர்த்திக்கொண்டால் பெரும்பகுதி ஈடாகிவிடும்.

மூன்றாவது வேலை, முடுக்கத்தைக் கண்ணுக்குக் காட்டுவது. வேகத்தையும் முடுக்கத்தையும் பிரித்தறிய மாட்டாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உபாயம் நான் அறியேன். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய கண்ணாடிப் பெட்டி ஒன்றில் பாதியளவு எண்ணெய் ஊற்றி வண்டியின் முதுகில் வையுங்கள். தண்ணீர் வேண்டாம், அது அலைமோதிக்கொண்டே இருக்கும். விளக்கெண்ணெயும் வேண்டாம், அது அளவுக்கு மிஞ்சிச் சோம்பும். சமையல் எண்ணெய் நடுத்தரம். வண்டியின் வேகம் ஒரு விநாடியில் சுழியிலிருந்து விநாடிக்கு அரை மீட்டர் என்ற அளவுக்குச் சீராக ஏறும்படி நிரல் எழுதினால், அந்த ஒரு விநாடி முழுவதும் எண்ணெயின் மட்டம் பின்புறம் உயர்ந்து சாய்ந்திருக்கும். இரு முனைகளுக்கும் நடுவே உயர வேறுபாடு அரை சென்டிமீட்டர். பிறகு வண்டி தன் முழு வேகத்தில் ஓடும்போது, எண்ணெய் சமமாகிவிடும். வேகம் உச்சத்தில் இருக்கையில் மட்டம் சாயாமலும், வேகம் மிகக் குறைவாக உள்ள புறப்பாட்டு வேளையில் சாய்ந்தும் இருப்பதை, கைபேசியில் மெதுவோட்டமாகப் படம்பிடித்துப் பார்க்கும் பிள்ளைக்கு, அதன்பின் அவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது கடினம். நிறுத்தும்போது எண்ணெய் முன்புறம் சாயும். அங்கே இன்னொரு சோதனைக்கும் இடம் உண்டு. பெரும்பாலான நிரல்களில் "நில்" என்பதற்குள்ளேயே இரண்டு வகை இருக்கின்றன: மின்னோட்டத்தை மட்டும் துண்டித்து உருள விட்டுவிடுவது ஒன்று, மோட்டாரைக் கொண்டே தடை போடுவது மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டினால், நிற்பதும் ஒரு விசையின் காரியமே என்பது விளங்கும்.

இரண்டு ரோபோக்களைக் கயிறிழுக்க விட்டு நடுவில் இரு வில்தராசுகளைக் கோத்து மூன்றாம் விதியைக் காட்டுவதை உங்களில் பலர் ஏற்கெனவே செய்கிறீர்கள். வெல்கிற வண்டியின் தராசும் தோற்கிற வண்டியின் தராசும் ஒரே அளவைக் காட்டுவது கண்டு பிள்ளைகள் திகைக்கும்போது, தோற்ற வண்டியின்மேல் ஒரு செங்கல் வைத்து மறுபடியும் இழுக்க விடுங்கள். வெற்றி தரையின் உராய்வில் இருக்கிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

முடுக்கமானியைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோபிட் பலகையிலும் எம்பியூ6050 என்னும் சிறு சில்லிலும் அது இருக்கிறது. முடுக்கத்தை நேரடியாகவே அளக்கும் கருவி இருக்கும்போது எடைக்கல்லும் கப்பியும் எதற்கு என்று இளைய ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மேசையின்மேல் அசையாமல் கிடக்கும் மைக்ரோபிட்டைக் கேட்டால், அது ஆயிரத்தை ஒட்டிய ஓர் எண்ணைக் காட்டும். புவியீர்ப்பு முடுக்கத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அது பேசுகிறது. அசையாத பொருளுக்கு முடுக்கமா என்று கேட்கும் மாணவனுக்கு, அந்தக் கருவி உண்மையில் அளப்பது தன்னைத் தாங்கி நிற்கும் விசையின் விளைவையே என்று ஒன்பதாம் வகுப்பில் வியாக்கியானம் செய்யப் புகுவது வீண் சிரமம். கப்பிச் சோதனை முடிந்து மனம் தெளிந்த பிறகு, அதே பலகையை மெத்தையின்மேல் விழவிட்டு, விழும் நேரத்தில் எண் சுழிக்கு அருகே இறங்குவதைக் காட்டுங்கள். அப்போது அது ஒரு விருந்து. முன்னதாகக் கொடுத்தால் அஜீரணம்.

நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கு இரண்டு பெட்டி, வாரத்துக்கு ஒரு பாடவேளை, பத்தாம் வகுப்பானால் தலைக்குமேல் பொதுத் தேர்வு. இந்த நிலைமையில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்ற உங்கள் வினா நியாயமானது. எல்லாப் பிள்ளைகளும் வண்டியைத் தொட வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஓட்டுவதற்கு முன்னே என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதி, பக்கத்திலிருப்பவரோடு வாதாடி, அதன் பிறகே பொத்தானை அழுத்துவது என்ற ஒழுங்கு மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். ஹேக் என்பவர் 6,000-க்கு மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் திரட்டி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், விரிவுரையை மட்டும் கேட்டவர்களைக் காட்டிலும், இப்படி எண்ணி, விவாதித்து, உடனுக்குடன் சரிபார்த்துக்கொண்டவர்கள் வெகுதூரம் முன்னேறியிருந்தனர். ஊகத்தை எழுதாமல் பார்க்கப்படும் சோதனை வேடிக்கையாகவே முடியும். அழகாக ஓடுகின்ற ரோபோவுக்கு அந்த அபாயம் இன்னும் அதிகம்; கூட்டமே கைதட்டிவிட்டுக் கலைந்து போகும்.

இறுதியாக, வாங்கும் விஷயம். அடுத்த முறை உங்கள் தலைமையாசிரியர் பட்டியல் கேட்கும்போது, பேசும் ரோபோவையும் நடனமாடும் ரோபோவையும் விற்க வருகின்றவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மோட்டாருக்கு வேகத்தைக் கொடுப்பது போலவே, மேற்பார்வையின்றி மின்சக்தியை மட்டும் கொடுக்கும் கட்டளையும் இருக்கிறதா? ஈவி3-இல் அப்படியொரு கட்டம் தனியாகவே உண்டு. லெகோவின் ஸ்பைக் பெட்டியிலும் தேடினால் கிடைக்கும். உணரிகள் எடுக்கும் அளவுகளைக் காலத்தோடு சேர்த்து அட்டவணையாக வெளியே எடுக்க முடியுமா? உணரியை வண்டியிலிருந்து கழற்றித் தனியே நிறுத்தினால் வேலை செய்யுமா? மூன்றில் இரண்டுக்காவது ஆம் என்ற விடை வராவிட்டால், அந்தப் பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல பேரிங் சக்கரங்கள் உள்ள தள்ளுவண்டி நான்கும், கப்பிகளும், மீயொலி உணரிகளும், ஆர்டுயினோப் பலகைகளும் வாங்கிக்கொள்ளுங்கள். மானியக் கணக்குக்கு ரோபோ என்ற பெயர் அவசியமென்றால், தள்ளுவண்டிக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

தங்கள் அன்புள்ள,
ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியன் ஒருவன்